மேலோகப் பாஸ்போர்ட்

தானியக் கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடும் மேடை இருந்தது. அதை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இருபது வயதில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தவர், தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். சரக்கோடு வரும் லாரியை ஒரு தடவை எடை பார்க்க வேண்டும், இறக்கிவிட்டுப் போகும் வெறும் லாரியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கழித்தால் சரக்கின் எடை. "கழிக்கத் தெரிஞ்சவனுக்கு வேலை, கூட்டத் தெரிஞ்சவனுக்கு முதலாளி நாற்காலி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மற்றவர்களுக்குச் சலித்துப் போகிற அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்ததற்கு ஒரே காரணம்தான். எடை காட்டும் ஊசி ஆடி நிற்கும்வரை லாரி அசையக் கூடாது, டிரைவரும் இறங்கக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, எங்கேயோ நினைப்பாக இருப்பார்கள். தூக்கம் கெட்ட கண், காற்றில் கலைந்த முடி, ஏதோ சொல்ல வந்து மறந்துபோன மாதிரி ஒரு வாய். லாரியின் ஜன்னலே படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது போல இருக்கும்.

ரேடியோ பழுது பார்க்கும் கடையில் யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத கேமரா ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். மழை நாளில் அதன் பித்தான் ஒட்டிக்கொள்ளும், சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டினால்தான் வேலை செய்யும். அதை வைத்துத்தான் டிரைவர்களை எடுக்க ஆரம்பித்தார். எடுத்ததில் ஒரு பிரதியை அவரவருக்கே கொடுத்துவிடுவார். அவர்கள் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தகவல் பரவி, புதிதாக வருகிறவர்கள் மேடையில் ஏறுமுன் சீப்பைத் தேடினார்கள். சீவாமல் வந்தால்தான் எடுப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அந்த மூன்று நான்கு வருஷம் அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு அவருடைய அப்பா ஒரு நாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

சொந்தக்காரர்கள் வந்து நிறைந்தபோதுதான் தெரிந்தது, வீட்டில் அப்பாவின் படம் என்று ஒன்று கிடையாது. ஒரு கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நகக்கண் அளவு தலை தெரிகிற படம்தான் இருந்தது. எப்போது கேட்டாலும் "முகம் மழிக்கலடா, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர் அப்பா. மகனும் எங்கே போய்விடப் போகிறார் என்று விட்டுவிட்டார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"ஊர்ல இருக்கிற லாரிக்காரனையெல்லாம் எடுத்தே. பெத்தவரை ஒண்ணு எடுத்து வைக்கலையே. இப்பவாவது எடுடா."

கேமராவை எடுத்து வந்தார். பெட்டிக்குள் கண்ணை வைத்த நொடியில் அதுவரை முட்டிக்கொண்டிருந்த அழுகை எங்கேயோ போய்விட்டது. ஜன்னலிலிருந்து விழுகிற வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மனசு சொன்னது. தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று வைத்தால் கழுத்து சரியாக இருக்கும் என்றும் சொன்னது. துண்டை வைத்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டார். "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே முகத்தை லேசாகத் திருப்பினார். படத்தை எடுத்து முடித்த பிறகு அழலாம் என்று நினைத்தார். ஆனால் முடித்த பிறகும் அழுகை வரவில்லை. அது அவர் மனசில் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

படம் கழுவி வந்தபோது வீடே அதைச் சுற்றிக் கூடியது. வெயிலில் பேப்பர் படித்துக்கொண்டே கண்ணயர்ந்த மனிதர் போல இருந்தார் அப்பா. கூப்பிட்டால் எழுந்துவிடுவார் போலிருக்கிறதே என்று அம்மா அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தே கிடந்தாள். அப்பாவுக்காக வந்த சொந்தமெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

வினை அங்கேதான் பிடித்தது.

அடுத்த மாதமே பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. "எங்க மாமாவையும் அது மாதிரி தூங்குறாப்ல எடுத்துத் தரணும்." நல்ல காரியமென்றால் வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். கண்ணீரோடு வாசலில் நிற்கிறவரிடம் என்னவென்று மறுப்பது? போனார். பிறகு இன்னொரு வீடு. பிறகு தெரியாத தெரு. அவர் காசு வாங்காதவர் என்பதும் சேர்ந்துகொண்டது, அதனால் கேட்கிறவர்களுக்குக் கூச்சமும் இல்லாமல் போயிற்று. கிடங்கு மேலாளரே ஒரு நாள் எடை அறைக் கதவைத் தட்டி, தன் மாமியார் காலமான செய்தியைச் சொல்லி, கையோடு வண்டியில் அழைத்துப் போனார்.

ஃபிலிம் கழுவக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் வாய்த் துடுக்குக்காரர். சுருளை வாங்கி வைத்துக்கொண்டு, "இதுல எத்தனை பேருக்கு இன்னும் பசிக்கும்?" என்று கேட்பார். ஒரு நாள் கடையில் நாலு பேர் இருக்கும்போது, "நான் எடுக்கிறது வெளிநாட்டு பாஸ்போர்ட். அண்ணன் எடுக்கிறது மேலோகப் பாஸ்போர்ட்" என்று சொல்லிவிட்டார். கடை குலுங்கச் சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பாஸ்போர்ட்காரர் என்று பேர் விழுந்தது. அப்பா அம்மா வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

இதெல்லாம் கேலியோடு போயிருக்கும். ஆனால் சிரிப்பு என்று ஒரு டிரைவர் இருந்தான். எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன், அதனாலேயே அந்தப் பேர். ஒரு மத்தியானம் ஊசி நிற்பதற்காகக் காத்திருந்தபோது அவனை எடுத்தார். அவர் எடுத்த எல்லாப் படத்திலும் நல்ல படம் அதுதான். பல் தெரியாமல், கண்ணால் மட்டும் சிரிக்கிற ஒரு முகம். அதே வாரம் மலைப்பாதையில் அவன் லாரி உருண்டது.

அவன் மனைவி கிடங்குக்குத் தேடி வந்தாள். படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்கள் எடுத்திருக்காவிட்டால் என் பிள்ளைகளுக்கு அப்பா முகமே மறந்திருக்கும் என்று சொல்லி அழுதாள். நன்றி சொல்லத்தான் வந்தாள் பாவம். ஆனால் மேடையைச் சுற்றி நின்ற டிரைவர்களுக்கு அது காதில் விழவில்லை. அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு பெண் அழுகிறாள், அவள் கையில் ஒரு படம் இருக்கிறது, எடுத்தவன் பாஸ்போர்ட்காரன் என்பதுதான்.

மறுநாள் முதல் லாரி ஏறியதும் அவர் வழக்கம்போலக் கேமராவைத் தூக்கினார். டிரைவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"வேணாம்ணே. புள்ளகுட்டிக்காரன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் பதிலுக்குப் பேசியிருப்பார். அவன் கெஞ்சினான். அதற்குப் பிறகு லாரிகள் கண்ணாடி ஏறியபடியே மேடைக்கு வந்தன. வேனில் காலத்திலும் அப்படித்தான். உள்ளே வேர்த்து வழிந்துகொண்டு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் தன் கண்ணாடிக் கூண்டுக்குள், அவர்கள் அவர்களுடைய கூண்டுக்குள். நடுவில் ஊசி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

கேமரா அலமாரிக்குப் போயிற்று. சாவு வீட்டுக்கு மட்டும் வெளியே வரும்.

அவருக்குக் கல்யாணமானபோது அந்தப் பெண்ணிடம் பாஸ்போர்ட் கதையை யாரும் சொல்லவில்லை. அவள் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள், கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். கதையைக் கேள்விப்பட்ட அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரியான ஆளுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன். கடைசிச் செலவு மிச்சம்" என்றாள். அவருக்கு உயிர் வந்தது. இந்த ஒருத்தியையாவது ஆசை தீர எடுக்கலாம் என்று நினைத்தார். துணிக் குவியலுக்கு நடுவே, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் தோற்றம் அவர் கனவிலேயே வந்தது. நல்ல வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தார். வெளிச்சம் வருமுன் அவள் முழுகாமல் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள். சிரிக்காமல் பேசினாள்.

"இனிமே அந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வேணாங்க. ஆபீஸ்லயே இருக்கட்டும்."

"நீயுமா இதையெல்லாம் நம்புறே?"

"எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. பயம் இருக்கு. பயத்துக்கு நம்பிக்கை எதுக்கு?"

அவர் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் சண்டை போட்டு ஜெயித்து, எடுத்து, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அவள் யாரைப் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும். கேமராவைத் துணியில் சுற்றி எடை அறைக்குக் கொண்டுபோனார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்து, தவழ்ந்து, நடந்து, பல் விழுந்து, பல் முளைத்து வளர்ந்தார்கள். அப்பா எடுத்த படம் என்று அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் கேட்டபோது ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார்கள். மனைவி குழந்தையோடு உள்ளே போனாள், இவர் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். திரைச்சீலை இடுக்கில் மகள் முகம் தெரிந்தது. விளக்கை ஸ்டுடியோக்காரர் தப்பான பக்கம் வைத்திருந்தார், மூக்கின் நிழல் உதட்டில் விழுந்தது. கழுத்தை நேராக வை, சிரிக்காதே, அசையாதே என்று அதட்டிக்கொண்டிருந்தார். குழந்தை மிரண்டு போய் விறைத்து உட்கார்ந்திருந்தது. "விளக்கை ஒரு முழம் தள்ளுங்க" என்று இவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, கடைக்கு வெளியே வைத்திருந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஆளில்லாத படம் எடுத்துப் பார்த்தார். சுவர், மரம், மழை ஈரத்தில் டயர்த் தடம் எல்லாவற்றையும் எடுத்தார். படம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது, உப்பில்லாப் பண்டம் மாதிரி. ஒரு முகமாவது உள்ளே இருந்தால்தான் அவருக்குப் படம். முகமோ, கண் மூடியபிறகுதான் அவரிடம் வந்தது.

விட்டுத் தொலைக்கவும் பார்த்தார். ஒரு தடவை கேமரா கெட்டுப் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு இரும்புக்கடைக்காரரின் அண்ணன் இறந்தார். கடைக்காரர் எடை அறைக்கே வந்து, கெட்டுப் போனதைக் கொடுங்கள், நான் சரி பண்ணிக் கொடுக்கிறேன் என்று வாங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பழுது பார்க்கிறவர் நல்லாத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். இரும்புக்கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கை பட்டாத்தான் சரியாகும்னு இருக்கு போல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பாஸ்போர்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

எல்லோர் கையிலும் ஃபோன் வந்த காலத்தில் இதற்கு ஒரு விடிவு வரும் என்று நம்பினார். அதுதான் ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்களே, இனி நம்மை எவன் தேடுவான் என்று இருந்தார். ஆனால் சாப்பிடுகிற தட்டைக்கூட எடுக்கிறவர்கள், அந்த ஒரு முகத்தை மட்டும் தங்கள் ஃபோனில் எடுக்கத் தயங்கினார்கள். பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் அது எப்படி இருப்பது? மறுபடியும் அவர் வாசலுக்கே வந்தார்கள். மகள் வேலைக்குப் போன முதல் வருஷம் அப்பாவுக்கு ஒரு புதுக் கேமரா வாங்கித் தந்தாள். ஃபிலிம் வேண்டாம், எடுத்ததும் பின்னாலேயே தெரியும். அதுவும் அதே வீடுகளுக்குத்தான் போய் வந்தது.

ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் எந்த வீட்டில் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்? மகளும் மகனும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

கிளம்ப வேண்டிய காலையில் அவள் சீக்கிரமே குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பையில் துண்டு, சோப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேமராவை எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா? என்னை ஒண்ணு எடுங்க. இத்தனை வருஷம் வேணாம்னு சொன்னது நான்தானே. இப்ப நானே சொல்றேன்."

அவர் கேமராவை எடுத்து வந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் பக்குவமாக விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வெளிச்சம்தான். கண்ணருகே கொண்டுபோனார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவரையே நேராகப் பார்த்தாள். விரல் பித்தான்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. மனசுக்குள் ஆயிரம் தடவை மூடநம்பிக்கை, மூடநம்பிக்கை என்று சொல்லிப் பார்த்தார். விரல் கேட்டால்தானே. சிரிப்பு டிரைவரின் முகம் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிய அத்தனை பேர் முகமும் வந்து நின்றது. அவர்களோடு தானும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

கேமராவை இறக்கினார். "வந்தப்புறம் எடுத்துக்கலாம். ஆட்டோ வந்துடும்" என்றார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிறகு, "முப்பது வருஷமா என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிட்டிருந்தீங்க இல்ல?" என்றாள். அவர் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆஸ்பத்திரியில் மகள் தன் ஃபோனில் அம்மாவைத் தலையணையோடும், ஆரஞ்சுப் பழத்தோடும், நர்ஸோடும் விதவிதமாக எடுத்துத் தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, கேமராவை எடுத்து வந்து, மூச்சு ஏறி இறங்குவதை நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒன்று எடுத்தார். அறைக்கு வெளியே வந்து திரையில் பார்த்தார். வாழ்நாளெல்லாம் அவர் எடுத்த அத்தனை படங்களைப் போலத்தான் இதுவும் இருந்தது. தூங்குகிறவர்களைப் போல இறந்தவர்களை எடுத்து எடுத்து, தூங்குகிறவளும் அப்படியே வந்திருந்தாள். மூச்சு படத்தில் இல்லை. உடனே அழித்தார். அழித்த பிறகும் திரும்பிப் போய்க் கட்டிலருகே நின்று, அவள் புரண்டு படுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவளிடம் அவர் சொல்லவே இல்லை.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்து, தையல் மெஷினின் தூசியைத் தட்டிய அன்றைக்குத்தான் வாசலில் மணி அடித்தது. மருந்துக்கடைக்காரரின் மருமகன். கடைக்காரர் விடியற்காலையில் தவறிவிட்டார் என்றான். மனைவி கதவை முழுசாகத் திறக்காமலே, அவர் இப்போதெல்லாம் போவதில்லை, விட்டுவிட்டார் என்று சொன்னாள். உள்ளே நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகன் சரிங்கம்மா என்று சொன்னானே தவிரப் போகவில்லை. செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக அங்கேயே நின்றான்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். "இருங்க, நானும் வரேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இந்த வேலைக்கு அவரோடு போனதில்லை.

மருந்துக்கடைக்காரரை நடுக்கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்தாள். இவர் முதலில் ஒன்றும் எடுக்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் சாத்தினார், மறுபடியும் கொஞ்சம் திறந்தார். குனிந்து, இறந்தவரின் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டு வாங்கித் துடைத்து மாட்டிவிட்டார். "அண்ணே, தலையைச் சாய்ச்சுக்கோங்க. கண்ணு கூசுதா? இதோ முடிஞ்சுது. ரெண்டே நிமிஷம்தான்" என்று மெல்லப் பேசிக்கொண்டே எடுத்தார். காலரைச் சரிசெய்தார். நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கினார். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை அடக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள், அவர் அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான் அவங்ககூடப் பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

"பேசுறேனா? எனக்கே தெரியாதே."

"பேசுறீங்க. என்கிட்டகூட அவ்வளவு பிரியமாப் பேசினதில்ல."

அவர் நின்றார். வேண்டுமானால் இப்போதே ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டார். அந்த மரத்தடியில் நிழல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கேமராப் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"வேணாம். வந்து சேருங்க. பசிக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மருந்துக்கடைக்காரரின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது அந்த வீட்டில் எல்லோரும் அசந்து போனார்கள். அடுத்த வாரமே இன்னொரு தெருவிலிருந்து ஆள் வந்தது.